வெள்ளைத் தூண்களும் நம் லயமும்

"அந்த ஊர் எப்படி இருக்கு?" என்று புலனத்தில் கேட்ட எல்லாருக்கும் நான்கு மாதங்களாக ஒரே பதிலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். "ரொம்ப அழகு." பொய்யில்லை. ஆனால் நாளை மறுநாள் விமானம். பெட்டியைக் கட்டி முடிக்கிற நேரத்தில் அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அதற்குக் காரணம் பாதி இந்த ஊர், பாதி என் சித்தி மகள். அவள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஊரின் பெயர் நாட்செஸ். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மக்கள்தொகை 15,000ஐத் தொடாது. அதில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அக்கரை லூசியானா. அங்கே ஓர் ஆலையில் பழைய கட்டுப்பாட்டுப் பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி ஓடவைக்கும் வேலைக்காக நவம்பரில் கம்பெனி என்னை அனுப்பியது. ஆறு வாரம் என்றார்கள். பாகங்கள் வந்து சேரவில்லை. குளிர்காலமே ஓடிவிட்டது. ஆற்றின்மேல் அடுத்தடுத்து இரண்டு இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. ஒன்று 1940இல் திறந்தது, இன்னொன்று 1988இல். ஒன்றில் வேலைக்குப் போய் மற்றொன்றில் வீட்டுக்குத் திரும்புவேன்.

குளிர் என்றால் சினிமாவில் வருகிற பனியெல்லாம் இல்லை. எலும்புக்குள் இறங்கும் ஈரக் குளிர். காலையில் ஆறே கண்ணுக்குத் தெரியாது. மூடுபனிக்குள் பார்ஜுகளைத் தள்ளிப்போகும் படகின் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும். ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தாடி மாதிரி தொங்கும். ஊர் உட்கார்ந்திருக்கும் மேடு, காற்று ஒரு காலத்தில் கொண்டுவந்து குவித்த நுண்மண்ணால் ஆனது. காய்ந்திருந்தால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், உள்ளே தண்ணீர் இறங்கினால் சரியும். அதைத் தாங்கிப் பிடிக்கப் போட்டிருக்கும் கட்டுமானத்தைப் பார்க்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறேன் (பொறியாளனுக்குக் கோயில் குளம் எல்லாம் இதுதான்). சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைக்கும் தமாலே கிடைக்கும். நம்ம கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். மல்லித்தூள் வேண்டுமென்றால் பேட்டன் ரூஜ்வரை ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

இதோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல பயணக் கட்டுரை. நம்மாட்கள் எழுதும் அமெரிக்கப் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் இதோடுதான் நிற்கின்றன.

நாட்செஸ் ஊருக்கு மக்கள் வருவது மாளிகைகளைப் பார்க்க. வெள்ளைத் தூண்கள், வளைந்த படிக்கட்டு, பிரெஞ்சுச் சுவர்த்தாள். 1931இல் தோட்டக் கலைச் சங்கப் பெண்களின் மாநாடு ஒன்று இங்கே நடந்தபோது, பருவம் தப்பிவந்த உறைபனியில் பூக்களெல்லாம் கருகிவிட்டதாம். காட்டுவதற்குப் பூ இல்லை, அதனால் வீட்டைத் திறந்து காட்டினார்கள். வந்தவர்கள் வாய்பிளந்தார்கள். அடுத்த வருடம், 1932இல், 'பில்கிரிமேஜ்' என்று பெயர் வைத்து அதையே ஆண்டு விழாவாக்கிவிட்டார்கள். பில்கிரிமேஜ் என்றால் புனித யாத்திரை. பெயரைக் கவனியுங்கள். வீட்டு வாரிசுகளான பெண்கள் குடை மாதிரி விரிந்த பாவாடை கட்டி வாசலில் நின்று வரவேற்பார்கள். மாலையில் ஒரு மேடை நிகழ்ச்சி நடக்கும். அது நெடுங்காலம் 'கான்ஃபெடரேட் பேஜன்ட்' என்ற பெயரிலேயே நடந்திருக்கிறது. அடிமை முறையைக் காப்பாற்றப் போருக்குப் போய்த் தோற்ற தரப்பின் பெயர் அது. ஊரிலிருந்த டயர் ஆலையும் காகித ஆலையும் மூடிய பிறகு, சுற்றுலாவை விட்டால் ஊருக்குச் சோறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றுப்பாட்டை நான் கிண்டல் செய்யவில்லை.

ஒரு மாளிகைக்கு டிசம்பரில் போனேன். பெயர் வேண்டாம். வழிகாட்டி அம்மா அன்பானவர், என் குளிர்ச்சட்டை போதாது என்று கவலைப்பட்டார். சாப்பாட்டு அறையில், "சமையல் தனிக் கட்டடத்தில் நடக்கும், பணியாளர்கள் சூடு ஆறாமல் கொண்டுவருவார்கள்" என்றார். பணியாளர்கள். மேலே படுக்கையறையிலும் பணியாளர்கள். தோட்டத்திலும் பணியாளர்கள். நான் கையைத் தூக்கி, "அந்தப் பணியாளர்களுக்கு மாசச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டேன். கேட்கும்போது கொஞ்சம் கொழுப்போடுதான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஒருவரும் பேசவில்லை. கூட்டத்தில் ஒருவர் சுவர்க் கடிகாரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். "அந்தக் காலம் வேற, தம்பி" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வழிகாட்டி அம்மா அடுத்த அறைக்கு நகர்ந்தார்.

எல்லா வீடும் அப்படி இல்லை. தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கும் மெல்ரோஸ் மாளிகையில் அடிமைகளை அடிமைகள் என்றே சொல்கிறார்கள். அவர்கள் வாழ்ந்த கட்டடங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் நிற்கின்றன, உள்ளே போகலாம். அந்த வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு பெரிய மரப்பலகை தொங்குகிறது. கயிறு கட்டி இழுத்தால் ஊஞ்சல் மாதிரி ஆடி, விருந்தினருக்குக் காற்று கொடுக்கும், ஈ விரட்டும். இழுத்தது அடிமைச் சிறுவர்கள். அந்தப் பலகைக்கு அங்கே பெயர் என்ன தெரியுமா? 'பங்கா'. நம்ம பங்காவேதான். வெள்ளைக்காரன் வட இந்தியாவில் எடுத்த சொல்லும் சாமானும் கடல் தாண்டி மிசிசிப்பிக்குப் போயிருக்கிறது. மலாயாவின் பங்களாக்களிலும் அதே சாமான்தான் தொங்கியது, அதே கயிறுதான். எனக்கு முதலில் வந்தது, அட, நம்ம ஊர் வார்த்தை என்கிற சந்தோஷம். கயிற்றின் மறுமுனை நினைவுக்கு வர இரண்டு நொடி தாமதமானது. அந்த இரண்டு நொடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் அழகு என்பது அப்படித்தான் வேலை செய்கிறது. கயிற்றை மறைத்துவிட்டுக் காற்றை மட்டும் கொடுக்கும். நாட்செஸ் மாளிகைகளைச் சுற்றிப் பருத்தி வயலே கிடையாது என்பதைக் கவனிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இவை தோட்ட வீடுகளே அல்ல. முதலாளிகளின் பருத்தி வயல்கள் பலவும் ஆற்றுக்கு அக்கரையில், நான் தினமும் வேலைக்குப் போன அந்தத் தாழ்ந்த சமவெளியில் இருந்தன. காய்ச்சலும் வெள்ளமும் சவுக்கும் அங்கே. தூணும் பியானோவும் இங்கே, காற்றோட்டமான மேட்டில். இரசாயன ஆலையில் வேலை செய்கிறவனுக்கு 'மாஸ் பேலன்ஸ்' என்று ஒரு கணக்கு உண்டு. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமன் ஆக வேண்டும், இல்லையென்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த மாளிகைகளின் கணக்கில் வெளியே வந்ததை மட்டும்தான் வெல்வெட் கயிறு கட்டிக் காட்டுகிறார்கள்.

உள்ளே போனது எது என்று பார்க்க ஊரின் ஓரத்தில் ஒரு சாலைச் சந்திப்புக்குப் போக வேண்டும். 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடு.' கொஞ்சம் புல்தரை, சில தகவல் பலகைகள், தரையில் கான்கிரீட்டில் பதித்த சில விலங்குகள். சங்கிலி விலங்குகளைச் சொல்கிறேன். அவ்வளவுதான். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாக ஆழ்தெற்கின் பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் இருந்தது. ஏலம்கூட இல்லையாம். கடையில் துணி எடுக்கிற மாதிரி வரிசையாக நிற்கவைத்து, பேரம் பேசி வாங்கியிருக்கிறார்கள். சந்தை ஊர் எல்லைக்கு வெளியே இந்த இடத்துக்கு வந்தது 1833இல். காலரா பயத்தில் அடிமை வியாபாரிகளை ஊருக்குள் இருக்கக் கூடாது என்று விரட்டினார்கள். வியாபாரத்தை யாரும் விரட்டவில்லை. 1863இல் வடக்குப் படை வந்த பிறகுதான் அது நின்றது. பின்பு அந்தக் கொட்டடிகளைப் படைவீரர்கள் பிரித்து, பலகைகளை முகாம் கட்ட எடுத்துக்கொண்டார்கள். பிரித்தவர்களில் கறுப்பினப் படைவீரர்களும் உண்டு. நாட்செஸில் நான் கேள்விப்பட்ட கட்டுமானச் செய்திகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1833 என்ற எண்ணைப் பார்த்ததும் அந்தப் புல்தரையிலேயே நின்றுவிட்டேன். அதே ஆண்டுதான் லண்டனில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்று, 1834இலிருந்து இந்தியாவிலிருந்து மொரீசியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாடு வளர்ந்துதான் பிறகு நம்மாட்களும் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒரு கதவைச் சாத்தியவன் பக்கத்துக் கதவைத் திறந்தான். நாம் வந்தது அந்தப் பக்கத்துக் கதவு வழியாக.

இப்போது சித்தி மகள். பிப்ரவரி கடைசியில் அவளிடமிருந்து செய்தி. "அண்ணே, ப்ரீ-வெட்டிங் ஷூட்டுக்கு பங்களா புக் பண்ணியாச்சு! தீம்: வின்டேஜ் எஸ்டேட். பாட்டியையும் கூட்டிட்டுப் போறோம். காண்டா, பால் வாளி எல்லாம் அவங்களே ப்ராப்ஸா தருவாங்க. உன் பங்கு அனுப்பிடு." கூடவே படங்கள். குன்றின்மேல் வெள்ளைத் தூண்கள். பழைய துரை பங்களா, இப்போது ஹோம்ஸ்தே. பாட்டி முப்பது வருடம் பால் வெட்டிய அதே தோட்டம். கித்தா மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. லயம் இடிந்துவிட்டது. மிச்சம் நிற்பது பங்களா ஒன்றுதான்.

அவளைத் திட்டுவது சுலபம். ஆனால் அவள் எங்கிருந்து அந்தத் தீமை எடுத்தாள்? நம்மிடமிருந்துதான். இந்தப் பக்கத்தைப் படிக்கிற, எழுதுகிற நம்மிடமிருந்து. நம் சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் தோட்டக் கதைகளை நினைத்துப் பாருங்கள். அதிகாலைப் பனி, பெரட்டுச் சத்தம், சைக்கிள், மாரியம்மன் திருவிழா, ஒரு கோப்பி, கடைசியில் பாட்டி இறந்துபோகிறார். துரை வந்தால் குதிரையிலோ ஜீப்பிலோ வந்து ஒரு வரி பேசிவிட்டுப் போய்விடுவார். கிராணி, தண்டல், ஸ்டோர்க் கடன், பங்களாவின் மின்சார பில் எல்லாம் கதைக்கு வெளியே. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையையும் அலுவலர்களையும் கடக்கும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிப்போக விட வேண்டும் என்பது. அதற்கும் மற்றக் கோரிக்கைகளுக்கும் பதிலாக இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் செத்தார்கள். நம் கதைகளில் எத்தனை சைக்கிள் ஓடுகிறது! எந்தச் சைக்கிளாவது ஒருமுறை பங்களா முன்னால் இறங்கி நடந்திருக்கிறதா?

நாட்செஸில் பழைய நாளை நினைத்து உருகுகிறவர்கள் முதலாளிகளின் பேத்திகள். அவர்களுக்கு அதில் இலாபம் இருக்கிறது, புரிகிறது. நம் ஊரில் உருகுவது தொழிலாளியின் பேத்தி. இது எனக்கு அதைவிட விசித்திரமாக இருக்கிறது.

இதற்கு ஒரு பதில் உண்டு, அதை நானே என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தோட்டம் கொடுமைதான், ஆனால் வீடும் அதுதான். தோட்டம் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, ஆட்களைப் புறம்போக்குக்கும் அடுக்குமாடிக்கும் துரத்தியபோது கோயிலும் பள்ளியும் பக்கத்து வீடும் சேர்ந்தே போயின. இழந்தவன் ஏங்கத்தானே செய்வான்? சரி. ஏங்கட்டும். லயத்துக்காக ஏங்கினால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் புக் பண்ணியிருப்பது லயத்தை இல்லையே, பங்களாவை.

இங்கேதான் எனக்கு ஒரு அடி விழுந்தது. ஆலையில் என்னோடு வேலை செய்த மூத்த எலக்ட்ரீசியன் ஒருவர், கறுப்பினத்தவர், அறுபதைத் தாண்டியவர். என்னை 'சன்' என்று கூப்பிடுவார், நான் அவரை 'சார்' என்பேன். மதிய உணவில் அவரிடம் சித்தி மகளின் கதையைச் சொன்னேன். சொல்கிற வேகத்தில், "நாங்களும் ஒரு வகையில் அடிமைகள்தான்" என்றேன். சமூக ஊடகத்தில் நம் இளசுகள் போடுகிற அதே வரி.

அவர் சாப்பாட்டை மூடிவைத்தார். "உன் பாட்டிக்குக் கூலி கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க. ரொம்பக் கம்மி."

"அவங்க பிள்ளைங்கள யாராவது பிடுங்கி வித்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அந்த வார்த்தையைக் கீழ வை, சன். உங்க கதை சின்னக் கதைன்னு நான் சொல்லல. அது உங்களது. எங்களோடதைக் கடன் வாங்காத."

நான் பதில் பேசவில்லை. மதியம் வேலை முடிந்ததும் அவரே தன் வண்டியில் என்னை ஊருக்குள் கூட்டிப்போனார். அவருடைய அப்பா ஆம்ஸ்ட்ராங் டயர் ஆலையில் வேலை பார்த்தவர். அதே ஆலையில் வார்லெஸ்ட் ஜாக்சன் என்று ஒருவர் இருந்தார். கொரியப் போருக்குப் போய்வந்தவர், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன், கறுப்பின உரிமை அமைப்பின் ஊர்க் கிளைக்குப் பொருளாளர். அதுவரை வெள்ளையர்களுக்கு மட்டுமே கொடுத்துவந்த ஒரு வேலைக்கு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மணிக்கு 17 காசு கூடுதல். அவர் ஏற்றுக்கொண்டார். 1967 பிப்ரவரி 27 இரவு, வேலை முடிந்து வீட்டுக்கு ஓட்டிப்போகும் வழியில் அவர் வண்டியில் வைத்திருந்த குண்டு வெடித்தது. இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை கிடையாது. அதற்கு முன்பே, 1965இல், அதே ஆலையில் வேலை செய்த, அதே அமைப்பின் தலைவர் ஜார்ஜ் மெட்காஃப் கார் குண்டில் படுகாயம் அடைந்து பிழைத்திருக்கிறார்.

டயர் ஆலை. போருக்கு முன் மலாயா ரப்பரின் மிகப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான். எந்தத் தோட்டத்துப் பால் எந்த ஆலைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பால் டின்னில் கலந்து, ஷீட்டாகிப் புகை போட்ட பிறகு எல்லாம் ஒரே சரக்கு. அதனால் ஜாக்சன் கலந்த ரப்பரில் பாட்டியின் பால் இருந்தது என்றெல்லாம் கதை கட்ட மாட்டேன். அவர் கடன் வாங்காதே என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். இரண்டு கதைகளும் ஒரே சரக்கைத் தொட்டன என்பதோடு விடுகிறேன்.

திரும்பும் வழியில் மெல்ரோஸ் பக்கம் கடந்தோம். "நீங்க உள்ளே போயிருக்கீங்களா சார்?" என்றேன். "ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் பேரப்பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போனேன். முதல்ல பின்னால இருக்கிற வீடு. அப்புறம்தான் முன்னால." வரிசையை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். நானூறு பக்கக் கோட்பாட்டு நூல் செய்யாத வேலை.

நாட்செஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 1908இல் பிறந்த ரிச்சர்ட் ரைட், 1945இல் வெளிவந்த தன் வரலாற்று நூலை நாட்செஸிலிருந்த பாட்டி வீட்டில் நான்கு வயதில் தானே தீ வைத்த கதையோடு தொடங்குகிறார். அந்தப் புத்தகத்தை இங்கே குளிர்கால இரவுகளில் படித்தேன். அதில் பாட்டி வருகிறார், உறவு வருகிறது, ஊர் வருகிறது, எதற்கும் சர்க்கரை போடவில்லை. பசி என்றால் பசி. அடி என்றால் அடி. நம் தோட்டத்தைப் பற்றி அப்படி எழுதியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவர்களைப் பாராட்டிவிட்டு, பனிமூட்டத்துக்குப் பரிசு கொடுக்கிறோம்.

நேற்றிரவு பாட்டிக்குப் போன் போட்டேன். அங்கே காலை. பின்னணியில் மின்னல் பண்பலை ஓடிக்கொண்டிருந்தது. என் வாதம் முழுவதையும் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

"பாட்டி, அந்த பங்களாவுக்குப் போகப்போறீங்களாமே?"

"ஆமாய்யா. புள்ள ஆசையா கூப்புடுறா."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"என்னா கஷ்டம்? முப்பது வருசம் அந்தப் படிய வெளிய நின்னே பாத்திருக்கேன். தீவாளிக்குத் துரையம்மா பழம் குடுத்தா பின்பக்கம்தான் போயி வாங்கணும். உள்ள எத்தன ரூமு இருக்குன்னு ஒருவாட்டி எண்ணிப்புட்டு வந்துடுறேன்."

நான் பேசாமல் இருந்தேன். எனக்குப் பதில் இல்லை. அந்த வாசலில் யார் நுழைய வேண்டும் என்று முடிவு செய்ய நான் யார்?

"ஆனா ஒண்ணுய்யா," என்றார். "அந்த வாளியத் தூக்கி நிக்கச் சொல்றா போட்டோவுக்கு. அத மட்டும் நான் தூக்க மாட்டேன். நீ சொல்லிடு அவகிட்ட. நான் சொன்னா கோவிச்சுக்குவா."

இன்று காலை கடைசியாக ஆற்றங்கரைக்கு நடந்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, மார்ச் மாதம் அப்படித்தானாம். ஊரில் பில்கிரிமேஜ் பதாகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உறைபனி வரவில்லை, அசேலியா பூத்துவிட்டது. அறைக்கு வந்து, பங்களா வாடகையில் என் பங்கைச் சித்தி மகளுக்கு அனுப்பிவைத்தேன். கூடவே எழுதினேன்: பாட்டி முன்வாசல் வழியாத்தான் உள்ளே போவாங்க. வாளி தூக்க மாட்டாங்க. படம் போடும்போது கீழே பாட்டி பேரு, எந்த வருசத்துலேர்ந்து எந்த வருசம் வரைக்கும் அங்கே பால் வெட்டினாங்க, நாள் கூலி எவ்வளவு, மூணையும் எழுது. தெரியலைன்னா பாட்டியைக் கேளு.

அவள் வழக்கமாக இதயம் போடுவாள். இதுவரை இரண்டு நீலக் கோடுகள் மட்டும்தான் வந்திருக்கின்றன.